ஷாஃப்டை அறுத்து ஒட்டிவிட்டு "பேலன்ஸ் பண்ணியாச்சு" என்பார்கள், நம்பிவிடாதீர்கள்

பழைய காருக்கு ஐந்து கியர் பாக்ஸ் மாற்ற நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது அறுபதுகளில் வந்த கார். இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். அதன் நான்கு கியர் பாக்ஸை எடுத்துவிட்டு வேறொரு வண்டியின் ஐந்து கியர் பாக்ஸைப் பொருத்தும் வேலையை, பழைய கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு வொர்க்‌ஷாப்பிடம் கொடுத்தேன். புது பாக்ஸ் நீளம் கூடுதல். அதனால் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயான புரொப்பெல்லர் ஷாஃப்டை அறுத்துக் குட்டையாக்க வேண்டும். பில்லில் ஷாஃப்ட் குறைத்ததற்கு ஒரு வரி, பேலன்சிங்குக்குத் தனியாக ஒரு வரி. இரண்டுக்கும் பணம் வாங்கினார்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வண்டி அருமையாக ஓடியது. 90ஐத் தாண்டியதும் காலடித் தரையில் ஒரு நடுக்கம். 100ல் உள்கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வரும் வண்டியின் விளக்குகள் கோடுகோடாக இழுபட்டுத் தெரியும். ஸ்டீயரிங் துளிகூட ஆடாது, சீட்டும் தரையும் மட்டும் உறுமும்.

திரும்பக் கொண்டுபோனேன். முதலில் வீல் பேலன்சிங் என்றார்கள். அப்புறம் டயர் சரியில்லை என்று புது டயர் மாட்டினார்கள். அடுத்து இன்ஜின் மவுண்டிங். அதற்கும் அடுத்து ஜாயின்ட் கிராஸ்கள், அதாவது ஷாஃப்டின் இரு முனையிலும் சாய்வாகச் சுழல விடும் சிலுவை வடிவ இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி பில். ஒருமுறைகூட யாரும் என்னோடு உட்கார்ந்து வண்டியை 100ல் ஓட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் சொன்னது: "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும். எழுபதுல ஓட்டுங்க."

இது பச்சைப் பொய். நேராக இருக்கும் ஷாஃப்ட், சரியான கோணத்தில் உட்கார்ந்திருந்தால் அறுபது வயது வண்டியும் 100ல் அமைதியாகப் போகும்.

இரண்டாவதாகப் போன மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டியை ஓட்டினார். ஒரே 100ல் நான்காவது கியர், பிறகு ஐந்தாவது. ஐந்தாவதில் இன்ஜின் வேகம் குறைகிறது, நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் இன்ஜினும் கிளட்சும் காரணமில்லை. பிறகு வண்டியைத் தூக்கி, பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, டிரம் கழன்று வராமல் நட்டுகளை மட்டும் திருப்பி மாட்டி ஓட விட்டார். (வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.) சக்கரமே இல்லை, உறுமல் இருக்கிறது. நான் வாங்கிய டயர்களுக்கும் இந்த அதிர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கணக்குப் போட்டாலும் இது புரியும். என் டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100ல் சக்கரம் விநாடிக்கு 14 முறை சுற்றும். ஆக்ஸில் விகிதம் 4.1 (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்றும்) என்பதால் ஷாஃப்ட் 58 முறை சுற்றும். சக்கரக் கோளாறு பெரிய ஆட்டமாகத் தெரியும், ஷாஃப்ட் கோளாறு பொடி நடுக்கமாகவும் உறுமலாகவும் தெரியும். அனுபவமுள்ள மெக்கானிக்குக் கால் வைத்த இடத்திலேயே வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஷாஃப்டைக் கழற்றி மேசையில் வைத்தோம். கெட்டியாகப் புதுக் கருப்புப் பெயின்ட். சுரண்டினால் ஒரு முனையில் பேலன்சுக்காகக் கம்பெனி ஒட்டிய பழைய எடைத் தகடு இருக்கிறது. அறுத்து வெல்டிங் வைத்த முனையில் தகடும் இல்லை, தகடு இருந்த தடமும் இல்லை. டயல் கேஜ் (கோணலை ஊசியில் காட்டும் அளவுக் கருவி) வைத்துச் சுற்றினால் வெல்டிங் பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஊசி ஆடுகிறது. பேலன்சிங் மெஷினைப் பார்த்த ஷாஃப்ட் இப்படி இருக்காது.

அதைவிட மோசம், இரண்டு முனை யோக்குகளும், அதாவது ஜாயின்ட் கிராஸைப் பிடிக்கும் கவட்டைகளும், ஒரே தளத்தில் இல்லை. ஒன்று மட்டமாகக் கிடக்க, மற்றது கண்ணுக்குத் தெரிகிற அளவு திரும்பியிருந்தது. சாய்வாகச் சுழலும் ஜாயின்ட் கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை கிராஸ் ஈடுசெய்ய வேண்டுமென்றால் யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், இரு பக்கச் சாய்வும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வைப்பது வழக்கம். என் வண்டியில் முன்பக்கம் 5, பின்பக்கம் 1. கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எட்டிய உயரத்தில் வெல்டிங் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாக்ஸின் வால்பக்கத்தை உயர்த்தினோம். லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துப் பின்பக்கக் கோணத்தைச் சரிசெய்தோம். ஷாஃப்டுக்குப் புதுக் குழாய் போட்டு மெஷினில் பேலன்ஸ் செய்தோம். உறுமல் போய்விட்டது.

படங்களோடு பழைய வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேலன்சிங் வெளியே கொடுத்துச் செய்தது என்றார்கள். எங்கே, ரசீது எங்கே என்றால் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில், "வேற ஆள் கை வச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல" என்று முடித்துக்கொண்டார்கள். பணம் வரவில்லை.

உங்கள் வண்டியில் ஷாஃப்டை அறுக்கப் போகிறார்கள் என்றால், யோக்குகள் திரும்பிவிடாமல் ஒட்டுவதற்கு, அறுக்கும் முன் இரு முனையிலும் நேர்க்கோட்டில் பஞ்ச் குறி வைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஷாஃப்டைக் காட்டச் சொல்லுங்கள். பேலன்சிங் தாளையும் இரு கோணங்களின் அளவையும் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று இழுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நடுக்கத்தோடு வேகமாக ஓட்டவும் வேண்டாம். முன்பக்கக் கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முனை கீழே விழுந்தால் அது சாலையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும்.

ஏற்கெனவே இப்படிக் கொஞ்ச காலம் ஓட்டியிருந்தால் கியர் பாக்ஸின் பின்முனை புஷ்ஷையும் ஆயில் சீலையும் பாருங்கள். என்னுடையதில் இரண்டும் தேய்ந்து, எண்ணெய் சொட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் செலவையும் நான்தான் ஏற்றேன்.