டியூபா, கம்பியா, படிக்கட்டா?

ஹட்டனில் இருந்து கண்டிக்கு நீந்தப் போனால் பஸ்ஸிலேயே அரை நாள் போய்விடும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தண்ணீர்; மற்ற நாட்களில் தரைப் பயிற்சிதான். அதில் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பெற்றோர் முதலில் சொல்வது தேயிலை மலைப் படிகளைத்தான். ஏறி ஓடினால் மூச்சு வலுக்கும் என்பார்கள். வலுக்கும்தான். ஆனால் குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசி நீந்தும் பிரீஸ்டைலில் உடலை முன்னே கொண்டுபோவது பெரும்பாலும் கைகள். ஓடி இறுகிய கணுக்கால், உதைக்கும்போது பாதத்தை நீட்ட விடாது. பாதம் பிரேக் மாதிரி தண்ணீரில் நிற்கும். வாரம் இரண்டு நாளுக்கு மேல் நான் படியேற விடுவதில்லை. மலையில் வாழ்வதே பாதிப் பயிற்சி என்ற பெருமை வேறு. நுவரெலியாவே 1,868 மீட்டர்தான். காற்று மெலிந்த உயரமான இடத்தில் செய்யும் பயிற்சிக்கு வீரர்கள் பெரும்பாலும் தேடிப் போவது 2,000 மீட்டருக்கு மேல். ஹட்டன் இன்னும் கீழே.

என் ஓட்டு டியூபுக்கு. பழைய ஓட்டோ டியூபை இரண்டு விரல் அகலக் கீற்றுகளாக வெட்டி, இரண்டை முடிந்து, இஸ்தோப்புத் தூணில் கட்டினால் செலவே இல்லை. இடுப்பில் மடிந்து குனிந்து, முழங்கையை உயர்த்தியே வைத்துக்கொண்டு, கை தொடையைத் தொடும்வரை இழுக்க வேண்டும். முழங்கை சரிந்தால் அந்தக் கணமே தெரியும். குளத்தின் கரையில் நிற்கும்போது அது என் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. குறையும் உண்டு. தண்ணீர், கை வேகமாகப் போகப் போகத்தான் எதிர்க்கும். ரப்பரோ நீள நீள இறுகும். கடைசியில் இறுகும்போது பிள்ளைகள் தோளைக் குலுக்கி ஏமாற்றுவார்கள். ஆகவே திரும்பும்போது மூன்று எண்ணச் சொல்கிறேன்.

கம்பியில் தொங்கி உடலைத் தூக்குவது முதுகுக்கு இதைவிடக் கடுமையான வேலை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஒன்றுகூட வராது. அவர்கள் வாங்கில் ஏறி நின்று, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, மெல்ல இறங்கட்டும். ஒழுங்காக எட்டுத் தடவை உடலைத் தூக்கத் தொடங்கிய பிறகு கம்பிதான் முதன்மை, டியூப் துணை.

டவுன் ஜிம்மில் சேர்ந்த அண்ணன்மாரைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சை மட்டும் தூக்கி வளர்த்து, தோள் முன்னால் வளைந்து வருகிறார்கள். நீச்சலே தோளை முன்னுக்கு இழுக்கும் விளையாட்டு. அதையே ஜிம்மிலும் கூட்டுவானேன்?

எட்டுத் தடவை தூக்குபவர்களும் டியூபைக் கைவிடக் கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கமாகப் பதினைந்து தடவை இழுப்பது தோள் மூட்டின் பின்பக்கச் சிறு தசைகளுக்கு. கம்பி அந்த வேலையைச் செய்யாது. ஒன்று மட்டும்: தொடங்குமுன் முடிச்சைத் தடவிப் பாருங்கள். போன மாதம் வெடிப்பு விழுந்த கீற்று ஒன்று அறுந்து, பையன் ஒருவனின் காதில் சுளீரென்று அடித்தது.