ஸ்பீட்வே மாலை: கால் மணி நேரப் பந்தயத்துக்கு 20 பவுண்ட் தகுமா?

ஸ்பீட்வே என்பது நீள்வட்டத் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். பிரிட்டனில் அதன் லீக் போட்டி ஒன்றுக்குப் பெரியவர் ஒருவர் நுழைய ஏறக்குறைய 20 பவுண்ட் ஆகிறது. அந்தப் பணத்துக்கு 15 ஹீட். ஒரு ஹீட் என்பது நான்கு சுற்று, கிட்டத்தட்ட ஒரு நிமிடம். ஆக, இரண்டு மணி நேர மாலையில் வண்டிகள் பந்தயத்தில் ஓடுவது கால் மணி நேரம்தான். கொடுத்த காசு வீணா இல்லையா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. அந்தக் கால் மணி நேரத்தில் முந்துதல் நடந்ததா? மீதி நேரத்தைக் கிளப் எப்படிக் கடத்தியது? கையில் பணம் குறைவாக இருக்கும் கிளப்புகள் பலவும் இவை இரண்டையும் விட்டுவிட்டு, பெரிய பெயருள்ள ஒரு வீரருக்கே பணத்தைக் கொட்டுகின்றன. கூட்டம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், எரிபொருள் மெத்தனால். வண்டி குறைந்தது 77 கிலோ இருக்க வேண்டும். பிரேக் கிடையாது. இடப்பக்கமாகவே திரும்பும் நீள்வட்டத் தடம், அதன் மேல் பொடித்த களிப்பாறை. இதை எல்லோரும் ஷேல் என்றே சொல்வார்கள். வீரர்கள் இடது பூட்ஸில் இரும்புத் தகடு மாட்டி, அந்தக் காலை ஊன்றி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே வளைவைக் கடக்கிறார்கள். ஒரு ஹீட்டில் அணிக்கு இருவர், மொத்தம் நால்வர். புள்ளிகள் 3, 2, 1, 0. ஹீட்டுக்கு 6 புள்ளி என்றால் 15 ஹீட்டுக்கு 90. 46 எடுத்த அணிக்கு வெற்றி.

அணியில் ஏழு பேர். யாரை வேண்டுமானாலும் வாங்கி அடுக்க முடியாது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி உண்டு. எடுத்த புள்ளியோடு போனஸ் புள்ளியைக் கூட்டி, நான்கால் பெருக்கி, ஓடிய ஹீட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தன் அணிக்காரருக்கு அடுத்த இடத்தில், எதிரணிக்காரர் ஒருவரையாவது பின்னால் விட்டு முடிப்பவருக்குக் கிடைப்பதுதான் போனஸ். 84 ஹீட்டில் 147 புள்ளியும் 21 போனஸும் எடுத்தவருக்கு 168 பெருக்கல் 4, வகுத்தல் 84, சராசரி 8.00. பருவம் தொடங்கும்போது ஏழு பேரின் சராசரிகளையும் கூட்டினால் லீக் வைத்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. வரம்பு லீக்குக்கு லீக், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்குக்காக இங்கே 40 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 40-ஐ இரண்டு விதமாகப் பங்கிடலாம். ஒன்று: 10.5, 9, 5, 4.5, 4, 4, 3. இன்னொன்று: 8, 7, 6.5, 6, 5.5, 4, 3. முதல் அணியில் விளம்பரத்தில் போட இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அந்த இருவரும் ஸ்டார்ட்டில் குறுக்கே கட்டிய டேப் எழும்பியதும் முன்னால் போய்த் தனியாக ஓடுவார்கள், மற்றவர்கள் பின்னால் தனியாக ஓடுவார்கள். பார்க்கிறவருக்கு முதல் வளைவோடு ஹீட் முடிந்துவிடும். இரண்டாவது அணியில் ஏறக்குறைய எல்லா ஹீட்டிலும் எதிரணியின் ஒருவரோடு சரிக்குச் சரி மோத ஆள் இருக்கும். குறைந்த பணத்தில் கூட்டம் சேர்க்க நினைக்கிற கிளப்புக்கு இரண்டாவதுதான் சரி.

சராசரி காட்டாத ஒன்றும் உண்டு. ஸ்டார்ட்டில் வேகமாகக் கிளம்பி முன்னால் போய் அப்படியே முடிப்பவரைக் கேட்டர் என்பார்கள். அவருடைய 9 புள்ளியும், கடைசியில் கிளம்பி வெளிப்பக்கமாகச் சுற்றி ஒவ்வொருவராக முந்தி வருபவருடைய 7.5 புள்ளியும் தாளில் வேறு, திடலில் வேறு. அடுத்த வாரமும் மக்களைக் கூட்டி வருபவர் இந்த இரண்டாமவரே. அவருக்குப் பணமும் வரம்பும் குறைவாகத்தான் செலவாகும். ஒரு கிளப்பின் அணியை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: ஏழு பேரில் எத்தனை பேர் பின்னாலிருந்து முந்தக்கூடியவர்கள்? இருவர் இருந்தால் நல்ல மாலை. ஒருவரும் இல்லையென்றால் எவ்வளவு வென்றாலும் சலிப்புத்தான்.

பணக் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. வீரர்கள் சுயதொழில் செய்பவர்கள். வண்டி, எஞ்சின், மெக்கானிக் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் எடுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று கிளப் கொடுக்கிறது, போனஸ் புள்ளிக்கும் சேர்த்து. சொந்தத் தடத்தில் 60-30 என்று நொறுக்கினால், 10 போனஸோடு 70 புள்ளிக்குக் கூலி. 47-43 என்று கடைசி ஹீட்டில் வென்றால், 6 போனஸோடு 53. கால் பங்கு பணம் மிச்சமாகிறது, கூட்டமும் 15-வது ஹீட் வரை எழுந்து நிற்கிறது. விரலுக்கேற்ற வீக்கம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் இந்த விளையாட்டில் கிடையாது.

மலிவான பொருள் எங்கே கிடைக்கும் என்றால், 6, 7 எண்களில். இவர்கள் ரிசர்வ், அதாவது மாற்று வீரர்கள். இரண்டாம் ஹீட் இவர்களுக்கானது. அதுபோக, சரியாக ஓடாத அணிக்காரருக்குப் பதிலாகவும் இறக்கலாம் என்பதால், பிரிட்டிஷ் விதிப்படி ஒரு ரிசர்வ் ஏழு ஹீட் வரை ஓட முடியும். போன ஆண்டு காயத்தோடு ஓடிச் சராசரி விழுந்தவர், பெரிய தடத்திலிருந்து சின்னத் தடத்துக்கு மாறி இப்போதுதான் அது பழகியவர், பத்தொன்பது வயதில் வாரா வாரம் வேகம் கூடுகிறவர் என்று இப்படி ஒருவர் ரிசர்வில் அமைந்தால் அணியின் முகமே மாறிவிடும். பருவத்துக்குள் சராசரிகள் மாதாமாதம் திருத்தப்பட்டுப் புதுப் பட்டியல் வரும். பழைய ரசிகர்கள் இதைப் பச்சைத் தாள் என்பார்கள். ஐந்தாம் எண்ணில் தடுமாறியவர் அந்தத் தாளின்படி ரிசர்வுக்கு இறங்கி, எளிய எதிரிகளை வென்று 12 புள்ளி எடுப்பது அடிக்கடி நடக்கும். தாள் வரும் தேதியைப் பார்த்துத் திட்டமிடும் மேனேஜர் இருக்கிறாரா என்பதை இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளூர்ப் பையன் விஷயத்தை ஒப்புக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் பிறந்த டேன் ப்யூலி அதே வட்டாரத்தின் வொர்க்கிங்டன் அணியில் வளர்ந்து, 2022-இல் கார்டிஃப் நகரில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை வென்றார். அந்த அளவுக்கு ஒருவர் வளர்வதை ஆரம்பத்திலிருந்து பார்த்த ரசிகருக்குக் கிடைத்தது எந்தப் பணக்கார லீக்கிலும் விலைக்குக் கிடைக்காது. ஆனால் அதே வொர்க்கிங்டன் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. 2018-இல் லீக், நாக்-அவுட் கோப்பை, ஷீல்டு மூன்றையும் வென்றது. அந்தப் பருவம் முடிந்ததும் லீக்கை விட்டே விலகியது. கோப்பை வந்தால் கூட்டம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கூட்டத்தை விரட்டுவது கெஸ்ட் வீரர் முறை. யாராவது காயப்பட்டால், சில நிபந்தனைகளோடு, அதே அளவோ குறைந்த சராசரியோ உள்ள வேறு கிளப் வீரரை ஒரு நாளைக்குக் கடன் வாங்கலாம். இன்னொரு வழி, இல்லாதவருடைய ஹீட்டுகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. முதல் வழியில் போன வாரம் எதிரணியில் வந்தவர் இந்த வாரம் நம் சட்டையில் வருகிறார். யாருக்குக் கைதட்டுவது என்று பிள்ளைகளுக்குக் குழப்பமே மிஞ்சும். முடிந்தவரை இரண்டாவது வழியை எடுத்து, நம் ஆட்களுக்குக் கூடுதல் ஹீட் கொடுக்கும் கிளப்புகள் மதிப்புக்குரியவை. பிரீமியர்ஷிப், சாம்பியன்ஷிப் என்ற இரண்டு லீக்கிலும் ஒரே வீரர் ஓடுவதும் இதே சங்கடம்தான். வீரரின் வயிற்றுப்பாட்டுக்கு அது தேவை, அதனால் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அணிக்கு இவர் எங்கள் ஆள் என்று சொல்லும்படி இருவராவது இருந்தாக வேண்டும்.

இனி தடம். மதிப்பெண்ணில் பாதியை இதற்கே கொடுக்கலாம். உலகின் ஆகச் சிறந்த நால்வரைக் கெட்ட தடத்தில் விட்டால் வரிசையாகத்தான் போவார்கள். சுமாரான நால்வரை நல்ல தடத்தில் விட்டால் சண்டை போடுவார்கள். பின்சக்கரங்கள் ஒவ்வொரு ஹீட்டிலும் ஷேலை வேலிப் பக்கமாக வாரி இறைக்கின்றன. உள்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாகிறது, வெளியே குவியல் சேர்கிறது. டிராக்டர் அந்தக் குவியலை வேலியிலிருந்து இழுத்துத் தடத்தின் அகலம் முழுக்கப் பரப்ப வேண்டும். மூன்று நான்கு ஹீட்டுக்கு ஒருமுறையாவது இது நடக்காவிட்டால், பிடிமானம் உள்ளே ஒரு கோடாகவும் வேலியோரம் ஒரு கோடாகவும் சுருங்கும். நடுவில் யாராலும் முந்த முடியாது. டீசலை மிச்சம் பிடிக்க இடைவேளையில் மட்டும் டிராக்டரை விடுகிற கிளப், உண்மையில் தன் விற்பனைப் பொருளையே கெடுத்துக்கொள்கிறது.

தண்ணீர் விடுவதில்தான் கைப்பக்குவம் தெரியும். முந்தைய நாளே ஆழமாக ஊறவிட்டு, போட்டியன்று மேலே லேசாகத் தெளித்தால் ஈரம் அடியிலிருந்து ஏறி வந்துகொண்டே இருக்கும். போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மொத்தத்தையும் கொட்டினால் மேல்பரப்பு சேறு, அடியில் கல்போல் இறுகிய தரை. முதல் நான்கு ஹீட்டுக்கு வழுக்கும், பிறகு அந்த மேல்தோல் அப்படியே உரிந்து, வளைவு முடியும் இடத்தில் குழி விழும், எட்டாம் ஹீட்டிலிருந்து தூசி. குழியில் விழுந்தெழும் முன்சக்கரம் தூக்கிவிடும் என்று வீரர்கள் த்ராட்டிலைக் குறைக்கிறார்கள். ஷேல் ஒவ்வொரு பருவமும் பறந்தும் தூளாகியும் குறைவதால் புதிதாக லோடு அடித்தே ஆக வேண்டும். ஒரு வீரரின் சம்பளத்தில் சேமிக்க முடிகிற ஆண்டில் அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டார்ட் இடத்தையும் கவனியுங்கள். வீரர்கள் கிளம்பும் நான்கு இடங்களுக்கும் கேட் என்று பெயர். நான்கு கேட்டிலும் சக்கரம் சுழன்று பள்ளம் தோண்டும். ஒரு அணிக்கு 1, 3 என்றால் மற்றதற்கு 2, 4. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் வாரி, மிதித்து இறுக்கும் ஆள் இல்லையென்றால் ஒரு கேட் மட்டும் பிடிமானம் கொடுக்கத் தொடங்கும். அதன்பின் முடிவு எழுதி வைத்ததுபோலத்தான். இந்த வேலைக்கு இரண்டு தன்னார்வலர் போதும், செலவே இல்லை.

நேரத்துக்கு வருவோம். ஹீட்டுக்கு முன் இரண்டு நிமிட எச்சரிக்கை உண்டு. அதற்குள் டேப்புக்கு வராதவர் வெளியேற்றப்படுவார். டேப்பைத் தொட்டவரும் வெளியே, அல்லது 15 மீட்டர் பின்னாலிருந்து கிளம்ப வேண்டும். இந்த 15 மீட்டர் கிளம்பல், பின்னாலிருந்து முந்துகிறவர் அணியில் இருந்தால், அந்த மாலையின் உச்சமாகவே அமையும். நேரத்தை விழுங்குபவை மூன்று. வளைவில் உள்ள காற்றடைத்த வேலி கிழிந்தால் ஒட்டி ஊதும் வரை நிற்க வேண்டும். உபரிப் பகுதியும் ஊதுகருவியும் கையருகே இருக்கும் கிளப் சீக்கிரம் மீளும். அடுத்து ஆம்புலன்ஸ். காயப்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஒன்று போய்விட்டால், இன்னொன்று இல்லாமல் பந்தயம் தொடராது. இரண்டாவது ஆம்புலன்ஸின் வாடகையை மிச்சம் பிடித்து, ஆயிரம் பேரை முக்கால் மணி நேரம் குளிரில் நிறுத்துவது மன்னிக்க முடியாத சிக்கனம். மூன்றாவது, நீண்ட இடைவேளை. அந்த நேரத்தில் ஜூனியர் ஹீட் இரண்டு ஓட்டினால் போதும், யாரும் வீட்டை நினைக்க மாட்டார்கள்.

புரோகிராம் புத்தகத்தைக் கட்டாயம் வாங்குங்கள். ஹீட் வாரியாகக் கட்டம் போட்டிருக்கும். பேனாவால் புள்ளியை எழுதிக்கொண்டே பார்ப்பது இங்கே மரபு. எழுதுகிறவருக்குக் காத்திருப்பு தெரிவதில்லை, யார் எப்போது ரிசர்வை இறக்கலாம் என்று அவரும் மேனேஜரோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

பல கிளப்புகளுக்கு மைதானம் சொந்தமில்லை. நாய்ப் பந்தயத்தோடும் ஸ்டாக் கார் பந்தயத்தோடும் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடத்தில் பார் வருமானமும் கார் நிறுத்தக் காசும் பெரும்பாலும் உரிமையாளருக்கே போகும். இடம் கைமாறினால் அணியே இல்லை. கவன்ட்ரி 2016-க்குப் பிறகு பிராண்டன் மைதானத்தை இழந்தது. பீட்டர்பரோவும் உல்வர்ஹாம்ப்டனும் 2023-ஓடு நின்றன. ஆனால் ஆக்ஸ்ஃபோர்ட் நெடுநாள் மூடிக் கிடந்து 2022-இல் திரும்பியது. ஆகவே உணவுக் கடையையோ சட்டைக் கடையையோ கிளப்பே நடத்தினால் அங்கே வாங்குங்கள். அந்தப் பணம்தான் ஷேலாகத் தடத்துக்கு வருகிறது.

முதல் தடவை போகிறவர் முதல் வளைவின் வெளிப்புறத்தில் நிற்கலாம், நால்வரும் சேர்ந்து வந்து திரும்புவது அங்கேதான் நன்றாகத் தெரியும். ஷேல் முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் பழைய மேல்சட்டையும் வேண்டும், பிள்ளைகளுக்குக் காதடைப்பானும். ஐந்தாறு ஹீட்டுக்குப் பிறகு மூன்றாம் நான்காம் வளைவுக்கு மாறுங்கள், ஹீட்டின் கடைசி முந்துதல்கள் அங்கே நடக்கும். மழை மிரட்டும் நாளில் கிளம்பும் முன் கிளப்பின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, போட்டி பாதியில் நின்றால் டிக்கெட்டுக்கு என்ன விதி என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். டிராக்டர் மூன்று ஹீட்டுக்கு ஒருமுறை வெளியே வந்தால் 20 பவுண்ட் முழுக்கத் தகும். ஏழாம் ஹீட் வரை அது கொட்டகையிலேயே நின்றால், அடுத்த முறை வேறு கிளப்புக்குப் போங்கள்.