வாடகைக் கணக்கைச் சரிபார்த்துத் தரும் கட்சி: பெர்லினிலிருந்து ஒரு சேவை விமர்சனம்

ஜெர்மனியின் இடதுசாரிக் கட்சியான டி லிங்கே, வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்காக மூன்று சேவைகளை நடத்துகிறது. வாடகை சட்ட வரம்பைத் தாண்டுகிறதா என்று காட்டும் 'மீட்வூகர்' (வாடகைக் கொள்ளை) செயலி, ஹீட்டிங் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் சேவை, கட்சி அலுவலகங்களில் நேரில் நடக்கும் ஆலோசனை. மூன்றும் இலவசம். கட்சியில் சேர வேண்டியதில்லை. எனக்கு இன்னும் ஜெர்மன் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. செயலி நன்றாக இருக்கிறது. ஆலோசனை மேசை அதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கிறது. கட்சிக்கு எதிர்காலம் இருக்கிறதென்றால் அது அந்த மேசையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் செயலி. 2024 இறுதியில், பெர்லின், ஹாம்பர்க், பிராங்பர்ட், லைப்சிக் போன்ற சில பெருநகரங்களுக்காக வெளியிட்டார்கள். முகவரி, கட்டடம் கட்டிய ஆண்டு, வீட்டின் பரப்பு, வசதிகள், ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகை ஆகியவற்றைக் கொடுத்தால், நகரத்தின் அதிகாரபூர்வ வாடகை அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. நம்மவர்கள் வந்த புதிதில் சிக்கிக்கொள்ளும், கட்டிலும் மேசையும் போட்ட வீடுதான் எனக்கும் கிடைத்தது. 46 சதுர மீட்டருக்கு 920 யூரோ. அந்த இடத்துக்கு வழக்கமான வாடகையைப் போல இரு மடங்குக்கு மேல் என்று திரையில் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பழைய சோபாவுக்கும் நான்கு நாற்காலிக்கும் மாதாமாதம் நான் கொடுத்துக்கொண்டிருந்த விலை அது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வீட்டுத் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி, வழக்கமான வாடகையைவிட 20 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் 50,000 யூரோ வரை அபராதம். 50 சதவீதத்தைத் தாண்டினால் குற்ற வழக்கே வரலாம். செயலியிலிருந்தே மாவட்ட வீட்டுவசதி அலுவலகத்துக்குப் புகாரை அனுப்பிவிடலாம். இதுவரை எல்லாம் சுலபம். அதற்குப் பிறகுதான் சிக்கல். 2004-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, ஊரில் பொதுவாகத் தட்டுப்பாடு இருக்கிறது என்றால் போதாது; வேறு வீடு கிடைக்காமல்தான் இதில் குடியேறினேன் என்று குடியிருப்பவரே காட்ட வேண்டும். எத்தனை வீடுகளுக்கு விண்ணப்பித்தோம், யார் யார் மறுத்தார்கள் என்ற மின்னஞ்சல்கள் கையில் இல்லாவிட்டால் புகார் நொண்டும். வீடு தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மறுப்புக் கடிதம் எதையும் அழிக்காதீர்கள்.

நடக்கவே நடக்காத காரியமும் அல்ல. 2025-இல் பெர்லினின் ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்-குரொய்ட்ஸ்பெர்க் மாவட்டம் ஒரு வீட்டு உரிமையாளருக்கு 26 ஆயிரம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. 38 சதுர மீட்டர் வீட்டுக்கு அவர் வாங்கிய அடிப்படை வாடகை 960 யூரோவுக்கும் மேல். அந்தச் செய்தி வந்த பிறகு, எங்கள் அலுவலகத் தேநீர் இடைவேளையில் பேச்சு முழுவதும் இந்தச் செயலியைப் பற்றித்தான்.

இனி மேசைக்கு வருகிறேன். எங்கள் கீழ்த்தளத்தில் ஒரு ஓய்வுபெற்ற அம்மா இருக்கிறார். சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.க்கு ஓட்டுப் போட்டதாக அவரே என்னிடம் சொன்னார், மறைக்கவில்லை. ஹீட்டிங்குக்கு மீதித் தொகை கட்டச் சொல்லி அவருக்கு ஒரு பெரிய பில் வந்தது. எனக்கு ஆலோசனை நேரம் இருந்த அன்று அவரையும் அழைத்துப் போனேன்.

மேசையில் இருந்த இளைஞர் பில்லை வாங்கி, ஓர் அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே படித்தார். எரிபொருள் வெளியிடும் கரியமில வாயுவுக்காக விதிக்கப்படும் கட்டணத்தில் உரிமையாளரின் பங்கு எங்கே என்று தேடினார். 2023 முதல் அந்தக் கட்டணத்தை உரிமையாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கட்டடம் எவ்வளவு மோசமாக எரிபொருளை விழுங்குகிறதோ அந்த அளவுக்கு அவர் பங்கு கூடும், 95 சதவீதம் வரை போகும். அந்தப் பங்கீடே பில்லில் இல்லை. இல்லாவிட்டால் ஹீட்டிங் செலவில் நம் பங்கிலிருந்து 3 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். மூல ரசீதுகளை நேரில் பார்க்கும் உரிமை இருக்கிறது என்று சொல்லி, அதற்கான கடிதத்தையும் அங்கேயே எழுதி அச்செடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊர்களில் கட்சி அலுவலகத் திண்ணையில் மனு எழுதிக் கொடுப்பார்களே, அந்தக் காரியம்தான்.

வெளியே வந்ததும் அந்த அம்மா, "நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று அந்தப் பையன் கேட்கவே இல்லையே" என்றார். அடுத்த தேர்தலில் யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியாது. அகதிகளைப் பற்றிய அவர் கருத்து ஓர் அங்குலம்கூட மாறவில்லை. ஆனால் வீட்டுச் செலவு ஏறியதற்கு யார் காரணம் என்ற பேச்சு வந்தால், இப்போது அந்தப் பில்லை எடுத்து வந்து காட்டுகிறார்.

கட்சிக்கு இதனால் என்ன கிடைத்தது? 2024 அக்டோபரில் இனெஸ் ஷ்வெர்ட்னரும் யான் ஃபான் ஆக்கெனும் தலைமைக்கு வந்தபோது, கருத்துக்கணிப்புகளில் கட்சி 3, 4 சதவீதத்தில் கிடந்தது. வாடகை, விலைவாசி என்ற இரண்டையே பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். கட்சிக் கணக்குப்படி 6 லட்சம் கதவுகளுக்கு மேல். 2025 பிப்ரவரி ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் 8.8 சதவீதம், 64 இடங்கள். லிஷ்டென்பெர்க் தொகுதியில் ஷ்வெர்ட்னர், ஏ.எஃப்.டி.யின் பெயட்ரிக்ஸ் ஃபான் ஷ்டோர்ஹை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். தொகுதியின் வைட்லிங் தெருவில் 1990-இல் நவநாஜிகள் ஒரு வீட்டையே கைப்பற்றி வைத்திருந்தார்கள். அதைத் தெரிந்தவர்களுக்கு இந்த வெற்றி சாதாரணமாகத் தெரியாது.

ஆனால் அதே தேர்தலில் ஏ.எஃப்.டி. 20.8 சதவீதம் வாங்கியது. லிஷ்டென்பெர்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் மார்ட்ஸான்-ஹெல்லர்ஸ்டோர்ஃப் தொகுதியையும் பிடித்தது. ஒரு காலத்தில் லிங்கேயின் கோட்டை அது. வாக்குச்சாவடிக் கணிப்புகளில் 25 வயதுக்குட்பட்டவர்களிடம் லிங்கே முதலிடம், தொழிலாளர்களிடமோ ஏ.எஃப்.டி.க்கு 38 சதவீதம், லிங்கேக்கு 8. புதிதாக வந்த ஓட்டுகளில் பெரும்பகுதி பசுமைக் கட்சியிலிருந்தும் சமூக ஜனநாயகக் கட்சியிலிருந்தும் வந்தவை. என் மனத்தை அரிப்பது இந்தக் கணக்குதான். செயலியைத் தேடிப் பதிவிறக்குபவர் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டவர். கீழ்த்தளத்து அம்மா எந்தச் செயலியையும் தேட மாட்டார். யாராவது கூட்டிப் போக வேண்டும், இல்லையேல் மேசை அவர் கட்டடத்துக்கே வர வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியின் சிற்றூர்களில் வீடுகள் காலியாகவே கிடக்கின்றன. அங்கே வாடகைக் கொள்ளைச் செயலியால் பயனில்லை. ஹீட்டிங் பில் மட்டும் எல்லா ஊரிலும் வருகிறது. அங்கே அதைத்தான் முன்னால் வைக்க வேண்டும். பஸ் நின்றுபோனதற்கும் டாக்டர் இல்லாததற்கும் மனு எழுத ஆள் வேண்டும்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் கம்யூனிஸ்ட் கட்சி இதை முப்பது ஆண்டுகளாகச் செய்திருக்கிறது. குடியிருப்போருக்கு அவசரத் தொலைபேசி. பொறுப்பாளர்கள் தங்கள் சம்பளத்தின் பெரும்பகுதியை உதவிக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் கணக்கைப் பொதுவில் வைப்பது. 2021-இல் அங்கே 28.8 சதவீதத்தோடு முதலிடம் பெற்று எல்கே கார் மேயரானார். ஆனால் 2024 நவம்பரில், கிராட்ஸைத் தலைநகராகக் கொண்ட ஷ்டையர்மார்க் மாநிலத் தேர்தலில் தீவிர வலதுசாரிகள்தான் முதலிடம். கம்யூனிஸ்டுகளுக்கு 5 சதவீதம்கூட இல்லை. மேசை இல்லாத ஊரில் மேசையின் புகழ் ஓட்டாக மாறுவதில்லை. லிங்கே இதைக் கிராட்ஸிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன், ஏனென்றால் ஏ.எஃப்.டி. ஆட்சிக்கு வந்தால் முதலில் பெட்டியைக் கட்டச் சொல்லப்படுபவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

போக நினைப்பவர்களுக்கு: வாடகை ஒப்பந்தம், கடைசி இரண்டு ஆண்டு ஹீட்டிங் செலவுக் கணக்குகள், வீடு தேடிய மின்னஞ்சல்களின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஜெர்மன் தடுமாறினால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கணக்கு உங்கள் கைக்கு வந்த பிறகு ஆட்சேபிக்க 12 மாதம் அவகாசம் உண்டு. கணக்குக் காலம் முடிந்து 12 மாதம் கழித்து வந்த பில்லாக இருந்தால், பொதுவாக மீதித் தொகையைக் கட்டவே தேவையில்லை. தேதியை முதலில் பாருங்கள்.