காலரா: ரிக் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு கணக்கு, டாக்கா போய் வருகிறவருக்கு வேறு கணக்கு

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போகிற பையன்களும், ஆர்டர் விஷயமாக நாலு நாள் டாக்கா போய் வருகிற திருப்பூர்க்காரர்களும் கேட்பது ஒரே கேள்விதான். காலராவுக்குத் தடுப்பு மருந்து எடுக்கணுமா, தண்ணீரில் கவனமாக இருந்தால் போதுமா?

டாக்கா போகிறவருக்குப் பெரும்பாலும் கவனமே போதும். நல்ல ஹோட்டலில் தங்கி, சீல் உடைக்காத பாட்டில் தண்ணீரையே குடித்து, பல் துலக்கவும் அதையே வைத்துக்கொண்டு, ஐஸையும் பச்சைக் காய்கறியையும் தள்ளி, சூடான சோறு சாப்பிட்டால் காலரா வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

ரிக் ஆட்கள் நிலைமை அப்படியில்லை. மாதக்கணக்கில் முகாம் வாழ்க்கை, கழிப்பறை இல்லாத கிராமங்கள், கிடைத்த டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர். 2022இல் தொடங்கிய பரவலில் மலாவியில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜாம்பியாவில் 2023 அக்டோபரில் ஆரம்பித்ததில் 700க்கும் மேல். லுசாகாவில் விளையாட்டரங்கத்தையே சிகிச்சை மையமாக மாற்ற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவரைத் தடுப்பு மருந்து கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எந்த மருந்து? இப்போதுள்ளவை எல்லாமே வாய்வழி குடிப்பவை, ஊசி இல்லை. அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற வாக்ஸ்கோரா ஒரே டோஸ், 10 நாளில் வேலை செய்யும். அவசரப் பயணத்துக்கு அதுதான் வசதி. ஆனால் அது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. அதற்கு முந்தைய 14 நாளில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் பலிக்காமல் போகலாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பயணிகள் குடிக்கும் டுகோரல் பெரியவர்களுக்கு இரண்டு டோஸ். கூடவே வேறொரு வகைப் பயண வயிற்றுப்போக்குக்கும் கொஞ்ச காலம் ஓரளவு காப்பு தரும். ஆனால் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கரைத்துத்தான் குடிக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது.

நம் ஊரில் இருப்பவருக்கு நடைமுறையில் பொருந்துவது பாரத் பயோடெக் 2024 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய ஹில்கால். இரண்டு டோஸ், 14 நாள் இடைவெளி. ஹைதராபாத்தில் முன்பு தயாரான சான்கோல் என்ற காலரா தடுப்பு மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது இது. கொல்கத்தாவில் 5 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில் சான்கோல் தந்த காப்பு 65%. அந்த எண்ணைக் கவனியுங்கள்: மூன்றில் ஒரு பங்கு ஆபத்து அப்படியே நிற்கிறது. டைபாய்டுக்கும் மற்ற வயிற்றுக் கோளாறுகளுக்கும் இதில் காப்பே இல்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி, மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கானா, உகாண்டா மாதிரி நாடுகளுக்குள் நுழையச் சான்றிதழ் கேட்பது அதற்குத்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். "இப்பத்தான் போட்ட போர், தண்ணி சுத்தமா இருக்கும்" என்று ரிக் ஆட்கள் நம்புவார்கள். ஆழத்து நீர் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பிடிக்கும் டிரம்மும், மொண்டு எடுக்கும் கையும்?

காய்ச்சுவதுதான் ரொம்ப நம்பகம். தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். அடிஸ் அபாபா மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் 3 நிமிடம். ஆனால் வெயிலில் உழைக்கும் ஆட்களுக்கு நாள் முழுக்கக் காய்ச்சிக் கொடுக்க எரிபொருளுக்கு எங்கே போவது? அங்கே குளோரின் மாத்திரைதான் கைகொடுக்கும். போட்டு அரை மணி நேரம் விட வேண்டும், கலங்கல் தண்ணீராக இருந்தால் முதலில் வடிகட்ட வேண்டும். பழைய நூல் சேலையை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டியதில் வங்கதேச கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிரிகளைத் துணி பிடித்துவிடுகிறது. மாத்திரை தீர்ந்துபோன நாளில் அதுவாவது செய்யலாம்.

இத்தனைக்கும் மேல் நோய் வந்தால் உயிரைக் காப்பது ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் கொடுத்து, 30% வரை இருந்த இறப்பை 4%க்கும் கீழே கொண்டுவந்தார். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி அளந்தது. நம்மவர்களுக்கு இளநீர்மேல் பெரிய நம்பிக்கை. அதில் பொட்டாசியம் இருக்கிறது, ஆனால் காலராவில் கொட்டிப்போகும் சோடியம் மிகக் குறைவு. இளநீரை மட்டும் நம்பி ஆளைப் படுக்க வைக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அதைவிட மேல். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி பேதி நிற்காமல் போனால், ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேண்டும். நல்ல திடகாத்திரமான ஆளையும் சில மணி நேரத்தில் சாய்த்துவிடும் நோய் இது. விடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

பிட், ஹோஸ், ஆயில் என்று சாமான் லிஸ்ட் எழுதும் ரிக் ஓனர்கள் அதிலேயே ஆளுக்குப் பத்து ஓஆர்எஸ் பாக்கெட், குளோரின் மாத்திரை, மூடியும் குழாயும் உள்ள குடிதண்ணீர் கேன் எல்லாம் சேர்த்துவிடுங்க. தடுப்பு மருந்துச் செலவும் உங்களுடையதாகவே இருக்கட்டும், பையன் சம்பளத்தில் பிடிக்காதீங்க.