மெர்லின் செயலி: காலை ஆறு மணிப் பூங்காவில் எவ்வளவு நம்பலாம்?

கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலியை இன்று பெரும்பாலானோர் இறக்குவது, 2021-இல் அதில் சேர்ந்த ஒலி அடையாள வசதிக்காகத்தான். பட்டனைத் தட்டிவிட்டு போனைப் பிடித்தால், சுற்றிக் கத்தும் பறவைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி மரமும் மனிதக் கூட்டமும் கலந்த இடத்தில் அதை எந்த அளவுக்கு நம்புவது?

முதல் வேலை வீட்டிலேயே. நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வைஃபையில் இறக்கி வைக்க வேண்டும். அது இல்லாமல் ஒலி அடையாளம் ஓடாது. இறக்கிவிட்டால் பூங்காவில் நெட்டே வேண்டாம். புளூடூத் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். சில போன்களில் பதிவு அந்த மைக்குக்கு மாறிவிடும், காதோரக் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். போனின் அடிப்பக்க மைக்கை விரலோ உறையோ மூடாமல், பறவை இருக்கும் திசைக்கு நீட்டி, நடக்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். நடந்தால் செருப்புச் சத்தமும் சட்டை உரசலும்தான் பதிவாகும்.

விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான் இதற்குப் பொற்காலம். குயில், செம்மார்புக் குக்குறுவான், பச்சைக்கிளி, குண்டுகரிச்சான் எல்லாம் தெளிவாகச் சிக்கும். குக்குறுவானின் ‘டொங்க் டொங்க்’ ஒரே சுருதியில் நிற்காமல் வருவதால் தூரத்திலிருந்தும் மாட்டிக்கொள்ளும். செப்டம்பர், அக்டோபரில் வலசை வரும் ஆறுமணிக்குருவிக்கும் செயலி நன்றாக உதவும், அது புதருக்கடியில் நின்று விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும் பறவை என்பதால். அப்புறம் சிரிப்பு யோகாக் குழு வந்துவிட்டால் கதை முடிந்தது.

கோட்டை விடுவது எங்கே என்றால், முதல் குற்றவாளி அணில். செயலி ஒலியைத் திரையில் படமாக வரைந்து காட்டும்; அதில் தையல்சிட்டின் குரல் சம இடைவெளியில் நிற்கும் கோடுகளாக ஓடும். அணில் விடாமல் கீச்சிடும்போதும் ஏறக்குறைய அதே மாதிரிக் கோடுகள்தான், அதனால் ஏதாவது ஒரு பறவைப் பெயர் வந்து விழ வாய்ப்புண்டு. கிளையை அண்ணாந்து பாருங்கள்: ஒவ்வொரு கீச்சுக்கும் ஒரு வால் வெடுக்கென்று துடித்தால் சமாச்சாரம் அவ்வளவுதான். அடுத்தது கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி (மேலே சொன்ன குண்டுகரிச்சான் வேறு). வைரி என்னும் வேட்டைப் பறவை போலவே கத்தி மைனாக்களைக் கிளப்பிவிட்டு இரையைத் தட்டிப் பறிக்கும் பறவை அது. நம்மையே ஏய்க்கும்போது செயலியை விட்டுவைக்குமா?

அதனால் திரையில் ஒரு பெயர் ஒருமுறை மின்னி மறைந்தால் அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குரல் திரும்பக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும். மூன்று நான்கு முறை ஒளிர்ந்தால் பைனாகுலரைத் தூக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் இந்த இடத்துக்கு, இந்தப் பருவத்துக்கு அரிது என்று பொருள். கண்ணால் பார்க்காமலும் பதிவைத் திரும்பக் கேட்காமலும் அதை, பறவை பார்ப்போர் தாங்கள் கண்டதைப் பதிவுசெய்யும் ஈபேர்டு இணையதளப் பட்டியலில் ஏற்றாதீர்கள். செயலி சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுகிறவர்களால் பட்டியல் குப்பையாகிறது.

படத்தைக் கொடுத்துப் பெயர் கேட்கும் புகைப்பட அடையாள வசதியும் செயலியில் உண்டு, அது சுமார்தான். பறவை கட்டத்தை நிரப்பும்படி படத்தைப் பெரிதாக்கி, எடுத்த இடமும் தேதியும் சரியாகக் கொடுத்தால் பெரிய பறவைகளில் பிசகாது. குளிர்காலக் கதிர்க்குருவிகளிடம் திணறும். அவற்றுக்கு ஒலியே மேல்.

செயலிக்குள் இருக்கும் மாதிரிக் குரல்கள் ஒப்பிட்டுப் பார்க்க அருமையானவை. ஆனால் அவற்றைப் பூங்காவில் ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் அது எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதை விட்டு விரட்ட அலையும்.

செயலிக்குக் காசில்லை. அந்தக் காசைப் பைனாகுலரில் போடுவதானால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் 10x கையில் அதிகம் ஆடும், பார்வை அகலமும் பொதுவாகக் குறைவு. இலைக்கூட்டத்துக்குள் தாவும் தேன்சிட்டைப் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்தில் இருக்கும்.