கடலூர் மொட்டை மாடியில் ரீட்எஸ்பியும் டார்1090-உம்: இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

2024 பொங்கல் லீவில் மாட்டியது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு ஜிஐ பைப், அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, மாடிப்படிக்குக் கீழே பழைய ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று. அதில் ஓடுகிற இரண்டு மென்பொருள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேலே போகிற விமானங்கள் அனுப்புவதைக் கேட்டுப் பிரித்தெடுப்பது ரீட்எஸ்பி, அதை வரைபடத்தில் போட்டுக் காட்டுவது டார்1090. இரண்டுக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை, இரண்டுமே கட்டற்ற மென்பொருள். காசு கொடுத்து வாங்கியதில்கூட இவ்வளவு நல்ல மென்பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் இது இன்னும் எத்தனை வருஷம் இப்படியே இருக்கும் என்ற கவலையும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இப்போது பறக்கிற பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் தான் யார், எங்கே இருக்கிறேன், எத்தனை அடி உயரம், என்ன வேகம் என்று 1090 மெகாஹெர்ட்ஸில் தானாகவே சொல்லிக்கொண்டே போகும். அதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். இருக்கிற இடத்தை விநாடிக்கு இரண்டு தடவை சொல்லும். ஒரு செய்தி 112 பிட், 120 மைக்ரோவிநாடியில் முடிந்துவிடும், பூட்டும் கிடையாது சாவியும் கிடையாது. கம்ப்யூட்டரில் டிவி பார்க்க என்று ஒரு காலத்தில் விற்றார்களே, அந்த யூஎஸ்பி டோங்கிள் இருந்தால் கேட்டுவிடலாம். அதில் இருக்கும் ரியல்டெக் சிப்பை டிவி தவிர மற்ற அலைவரிசைகளுக்கும் திருப்பலாம் என்று 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்தார்கள், அதற்கப்புறம்தான் இந்தப் பொழுதுபோக்கு சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது.

ஆன்டெனாவை நானே செய்தேன். நடுவில் 69 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு, சுற்றிலும் நாலு கம்பி கீழே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கேபிள் டிவி அண்ணன் மிச்சம் வைத்திருந்த ஆர்ஜி6 ஒயரில் பத்து மீட்டர் கொடுத்தார், காசு வாங்கவில்லை. டோங்கிளில்தான் முதல் தடவை ஏமாந்தேன். ஆன்லைனில் வாங்கியது, அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி நின்றுவிடும், விற்றவர் பதிலே போடவில்லை. இரண்டாவதாக உலோகக் கூடு போட்டது வாங்கினேன், அது இன்று வரை நிற்கவில்லை.

சரி, மென்பொருளுக்கு வருவோம். கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற டெர்மினல் திரையில் ஒரே ஒரு வரி ஒட்டினால் ரீட்எஸ்பி இறங்கி, தானே நிறுவிக்கொண்டு, தானே ஓட ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த வரியில் டார்1090. உங்கள் வீடு எங்கே என்று அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் போதும், வீட்டு வைஃபையில் இருக்கிற எந்த போனிலும் வரைபடம் திறந்துவிடும். உயரத்துக்கு ஏற்ற மாதிரி விமானத்தின் நிறம் மாறும், தாழப் பறப்பது ஆரஞ்சு, உச்சியில் போவது ஊதா. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த எல்லைக் கோடு, நம் ஆன்டெனா ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு தூரம் வரை கேட்டது என்று அதுவே சுற்றி வரைந்துவிடும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல் பக்கம் 400 கிலோமீட்டர் வரை புடைத்துக்கொண்டு நிற்கிறது, மேற்கே பக்கத்து வீட்டின் மூன்றாவது மாடி மறைக்கிற இடத்தில் மட்டும் யாரோ கடித்து வைத்த மாதிரி ஒரு குழி.

தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன தடவை அவன் வந்தபோது அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார். சில்வர் பீச்சில் நின்று நேர் கிழக்கே பார்த்தால் எந்தத் திசையோ, அந்தத் திசையில் கடலுக்கு மேல் அவன் விமானம் வரைபடத்தில் முளைத்தது. “எங்கடா வரான்?” என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தார். நிறம் ஊதாவில் இருந்து நீலம், பச்சை, மஞ்சள் என்று மாற மாற உயரத்தைச் சத்தமாகப் படித்தார். சென்னைக்குப் பக்கத்தில் மூவாயிரத்துச் சொச்சம் அடிக்கு வந்ததும் விமானம் காணாமல் போய்விட்டது, அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. இங்கிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர், பூமியின் வளைவு மறைத்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் நம் ஆன்டெனாவுக்குத் தெரியாது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவனே போன் பண்ணினான். “சரி, நீ முதுநகர் போய் வஞ்சிரம் வாங்கிட்டு வந்துடு” என்று எழுந்து போனார். இதே அம்மா அதற்கு முந்தைய வருஷமெல்லாம் ஒரு ஆப்பில் பார்ப்பார், நடுவில் விளம்பரம் வரும், இன்னும் விவரம் வேண்டுமானால் சந்தா கட்டு என்று கேட்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை, வருவது எல்லாம் நம் மாடியில் இருந்து வருகிறது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று நாள் முழுக்க இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சென்னை விமான நிலையத்தை மூடிய பிறகு வடக்கே தாழப் பறக்கிற நிறங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து அந்தப் பகுதியே வெறிச்சோடிவிட்டது, ஆனால் வெளிநாட்டுக்குப் போகிறவை மட்டும் உச்சியில் ஊதாவாகப் போய்க்கொண்டே இருந்தன. ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, பை அணைந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. பைப் சாயவில்லை. ஆனால் எஸ்டி கார்டு போய்விட்டது, எல்லாவற்றையும் மறுபடி நிறுவினேன். ரீட்எஸ்பி தன் தகவலைப் பெரும்பாலும் ரேமில்தான் எழுதுகிறது, அதனால் கார்டு சீக்கிரம் தேயாது, அது நல்ல யோசனைதான், இருந்தாலும் கரண்ட் கட் அடிக்கடி வருகிற ஊரில் கார்டை நகல் எடுத்து வைப்பது அவசியம்.

இன்னொரு எதிரி உப்புக் காற்று. எட்டாவது மாதத்தில் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது, தினம் பார்க்கிறவனுக்குத் தெரியாது. கிராஃப்ஸ்1090 என்று கூடவே நிறுவிக்கொள்ளலாம், அதில் ஒரு வருஷ வரைபடம் பார்த்தபோதுதான் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியிருப்பது தெரிந்தது. மாடிக்குப் போய் கனெக்டரைத் திருகிக் கழற்றினேன். நடுக்கம்பி பச்சை பூத்து, தொட்டதும் தூளாகக் கையில் ஒட்டியது. வெட்டிப் புதிதாகப் போட்டு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற கறுப்பு ரப்பர் டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். மறுநாளே 400 கிலோமீட்டர் திரும்ப வந்துவிட்டது. கடற்கரை ஊரில் மாட்டுகிறவர்கள் டேப்பை முதல் நாளே சுற்றிவிடுங்கள்.

குறை என்று சொன்னால், வழிகாட்டி எல்லாம் ஆங்கிலத்தில்தான், பையில் ஓடுகிற லினக்ஸ் இயங்குதளம் பழக்கம் இல்லாதவருக்கு முதல் நாள் கஷ்டமாக இருக்கும். செல்போன் டவர் பக்கத்தில் இருந்தால் அதன் அலையைத் தடுக்கத் தனியாக ஃபில்டர் வேண்டும்.

இப்போது கவலைக்கு வருகிறேன். இந்த மென்பொருளின் வம்சத்தைப் பாருங்கள். முதலில் டம்ப்1090 என்று ஒன்றை எழுதியவர் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ. அவர் வேறு வேலைக்குப் போனதும் இன்னொருவர் எடுத்து வளர்த்தார், அவரிடம் இருந்து மற்றொருவர், அப்படியே கை மாறிக் கை மாறி ஒரு கிளை விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டுகிற ஃப்ளைட்அவேர் நிறுவனத்துக்குப் போனது, ஒரு கிளை ரீட்எஸ்பி ஆனது. இன்று ரீட்எஸ்பி, டார்1090, கிராஃப்ஸ்1090 மூன்றையும் முக்கியமாகப் பார்த்துக்கொள்வது வீடஹாப்ஃப் என்ற புனைபெயரில் எழுதுகிற ஒருவர். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கொண்டலாத்திக் குருவி என்று அர்த்தம். உலகம் முழுக்க எத்தனையோ மாடிகளில் ஓடுகிற இதெல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் சாயங்கால நேரத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவர்களுக்கு உடம்பு முடியாவிட்டால், சலித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், நம் மாடியில் கேட்டதை இணையத்தில் அனுப்பினால், அதைப் பல மாடிகளில் இருந்தும் சேர்த்து வைக்கிற தளங்கள். எதையும் மறைக்காமல் காட்டுகிறது என்று பொழுதுபோக்காளர்கள் நம்பித் தகவல் அனுப்பி வளர்த்த ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்சை 2023 ஜனவரியில் ஜெட்நெட் என்ற நிறுவனம் வாங்கியது. நிறையப் பேர் மனம் வெறுத்து அனுப்புவதை நிறுத்தினார்கள். அவர்கள் ஏடிஎஸ்பி.ஃபை, ஏடிஎஸ்பி.லோல், ஏர்பிளேன்ஸ்.லைவ் என்று வேறு வீடுகளுக்குக் குடிபோனார்கள். அந்த வீடுகளும் பெரும்பாலும் அதே டார்1090 வரைபடத்தில்தான் நிற்கின்றன. அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. தளத்தை விற்கலாம், மாடியில் ஓடுகிற மென்பொருளை யாரும் விற்க முடியாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது, ரீட்எஸ்பியிடம் எந்த முகவரி சொல்கிறோமோ அங்கே அனுப்பும். நான் இப்போது ஏடிஎஸ்பி.லோலுக்கு அனுப்புகிறேன், அவர்கள் சேர்ப்பதைத் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். விமானங்களைக் காட்டுகிற ஃப்ளைட்ரேடார்24 என்ற தளத்துக்கும் சேர்த்து அனுப்பினால் அவர்கள் உயர்ந்த சந்தாவை இலவசமாகத் தருவார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அங்கே மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்தாதீர்கள்.

செயற்கைக்கோள் வந்தாயிற்று, இனி மாடி ஆன்டெனா எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏரியான் நிறுவனம் 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்களில் இருந்தே ஏடிஎஸ்-பி கேட்கிறது, நடுக்கடலில் போகிற விமானமும் தெரியும், உண்மைதான். அந்தத் தகவல் காசு கொடுக்கிறவர்களுக்கு. எங்கள் பைப் கடலுக்குள் 400 கிலோமீட்டர்தான் கேட்கும், ஆனால் கேட்டது எங்களுடையது. 2024 டிசம்பரில் இண்டிகோவின் ஏடிஆர் என்ற சின்ன விமானம் புதுச்சேரிக்கு வர ஆரம்பித்தது, லாஸ்பேட்டை ரன்வேயில் இறங்கக் கடைசிச் சில நூறு அடி வரை அதைப் பார்க்க முடிகிறது, அது பக்கத்தில் இருக்கிற ஆன்டெனாவால்தான்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். லினக்ஸ் பக்கமே போகாதவர்கள் மட்டும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைச்சாவடியில் இருக்கிற புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இசிஇ படிக்கிற பிள்ளைகள் இதன் மூலநிரலைத் திறந்து பார்க்க வேண்டும், புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன, அங்கே ஒருத்தர் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதினாலே பெரிய உதவி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சில விமானங்கள் தான் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை, பட்டியலில் வெறும் எண்ணாக நிற்கும். ஒரே செய்தி வெவ்வேறு மாடிகளுக்கு வந்து சேர்கிற நேர வித்தியாசத்தை வைத்து அவற்றின் இடத்தைக் கணக்குப் போடலாம், எம்லாட் என்பார்கள், அதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் குறைந்தது நாலு ரிசீவர் வேண்டும். கடலூரில் நான் இருக்கிறேன். புதுச்சேரி, சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் மொட்டை மாடியும் ஒரு பைப்பும் இருக்கிறவர்கள் முன்வந்தால் ஆன்டெனா நான் செய்து தருகிறேன், ரப்பர் டேப்போடு.