பாளை ஞாயித்துக்கெழம கல்வித் தத்துவம் கிளாஸ்: சாருக்கு 4 ஸ்டார், நோட்ஸுக்கு 1

பி.எட்.ல கல்வித் தத்துவம்னு ஒரு பேப்பர் வரும்லா, அதுக்காண்டி பாளை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில நடக்க கோச்சிங்குக்கு 8 ஞாயித்துக்கெழம போனேன். பேரு வேண்டாம். பீஸ் 1800. திசையன்விளையில இருந்து பஸ் ஏறி வாரவளுக்கு கட்டுபடியாச்சான்னா ஆச்சு, ஆனா நோட்ஸ நம்பிப் போயிராதீய.

சார் பிளேட்டோல ஆரம்பிக்கல, மொத நாளே நன்னூல் பாயிரம். மாணாக்கர எட்டு சாமானோட ஒப்பிடுதாரு நன்னூல் எழுதுன பவணந்தி, அன்னமும் பசுவும் ஒசத்தி, மண்ணும் கிளியும் நடுத்தரம், இல்லிக்குடம் (ஓட்டக் குடம்) ஆடு எருமை நெய்யரி கடைசி. நெய்யரின்னா என்னன்னாரு, ஒருத்தருக்கும் தெரியல. பையில இருந்து பன்னாடைய எடுத்து மேசையில வச்சாரு, எங்கூர்ல பதனி வடிகட்டுத அதே பன்னாடை! பாட்டில்ல கொண்டாந்த பதனிய அதுல ஊத்தி, "நல்லத பூரா கீழ விட்டுட்டு எறும்பையும் ஈயையும் புடிச்சு வச்சிருக்கு பாத்தீயளா"ன்னாரு. எங்கப்பா என்னைய பன்னாடைன்னு ஏசுனதுக்கு அர்த்தம் பி.எட். சேந்தப்பொறவுதான் வெளங்குது.

அடுத்த வாரம் இங்கிலீஷ் தத்துவவாதி ஜான் லாக், பிள்ளைய வளக்கதப் பத்தி 1693ல வந்த அவரு புஸ்தகம். பிள்ளைய வெள்ளப் பேப்பர் மாதிரி நெனச்சுக்கிடலாம்னு சொன்னவரு. அப்போ குடம் பொறக்கும்போதே ஓட்டையா, வாத்தியாரு போட்ட ஓட்டையான்னு பின்னாடி பெஞ்சுல ஒரு அக்கா கேட்டாவ, அதுலயே முக்கா மணி நேரம் போச்சு, நல்லாத்தான் போச்சு. தத்துவவாதி ரூசோ, பிள்ளைய எப்படி வளக்கணும்னு 'எமிலி'ங்குற புஸ்தகத்த எழுதுன கத, பெத்த அஞ்சு பிள்ளையளையும் அநாத விடுதியில விட்டவருன்னு தெரிஞ்சதும் அந்த அக்கா மூஞ்சியப் பாக்கணுமே. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு மெட்ராஸ்ல நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய மண்ணுல எழுதுததப் பாத்துட்டு, எழும்பூர் அநாத ஆசிரமத்துல அதையே செஞ்சு, பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக் குடுக்க முறையும் வச்சு, 1797ல இங்கிலாந்துல புஸ்தகமா போட்டாராம். நம்ம சட்டாம்பிள்ளைதான்வே அது.

கொற என்னன்னா டூயி, மாண்டிசோரின்னு ரெண்டு பெரிய கல்வியாளரையும் கடைசி நாள் அர மணி நேரத்துல அடச்சுட்டாவ. நோட்ஸு சாரு எழுதுனது இல்லையாம், எமிலி 1726ன்னு போட்டிருக்கு, அது 1762, பரீச்சையில அப்படியே எழுதுனா மார்க் போச்சு. ஜெராக்ஸ் வேற பாதி பக்கம் கருப்பு.

போறவிய ரெண்டாவது பெஞ்சுல எடம் புடிங்க, பேன் அங்கன மட்டுந்தான் சுத்துது.